முன்முனையில் காலூன்றல்

நுழையும்முன்

நாம் திறன்பேசியில் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் யாரோ ஒருவரால் எழுதப்பட்டது. பேருந்து முன்பதிவு, தேர்வு முடிவு, நிலப்பட்டா முதலிய பலவும் இன்று ஒரு திரையின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அத்திரையை உருவாக்கும் பணி, மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் இளைஞர்களுக்கு இன்று எட்டும் தொலைவில் உள்ளது. அப்பணியில் புதிதாகச் சேர்பவர் முதல் மாதங்களில் எவற்றைக் கற்கிறார், எங்கே தடுமாறுகிறார், எவ்வாறு நிலைகொள்கிறார் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

முன்முனை என்பது யாது?

தமிழக அரசின் இணையவழிச் சேவையில் உழவர் ஒருவர் தம் நிலத்தின் பட்டாவைப் பார்வையிட விரும்புகிறார் எனக் கொள்வோம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றை அவர் நிரப்பும் படிவம், தவறாக நிரப்பினால் எழும் எச்சரிக்கை, இறுதியில் தோன்றும் ஆவணம் ஆகிய யாவும் அவர் கண்முன் நிகழ்வன. இவ்வாறு பயனர் கண்டு, தொட்டு, படித்துப் பயன்படுத்தும் பகுதியை முன்முனை என்பர். தரவுகளைச் சேமித்து வைத்திருக்கும் கணினியும், கேட்டதைத் தேடி எடுத்துத் தரும் நிரல்களும் பின்முனை எனப்படும்.

பின்முனை எவ்வளவு சிறப்பாக இயங்கினாலும், முன்முனையில் உள்ள ஒரு பொத்தான் சிறிய திரைக்கு வெளியே ஒதுங்கிவிட்டால் அவ்வுழவருக்குப் பட்டா கிடைக்காது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் இ-சேவை மையத்திற்கு நடக்க நேரிடும். ஆகவே, முன்முனைப் பணி என்பது பக்கங்களை அழகுபடுத்தும் வேலை மட்டுமன்று. ஒரு சேவை மக்களைச் சென்று சேர்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்யும் பொறுப்புமிக்க பணியாகும்.

மதுரையும் இணையமும்

1989ஆம் ஆண்டு ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலகளாவிய வலை என்னும் கருத்தை முன்வைத்தார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் தமிழ் அவ்வலையில் இடம்பிடித்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தொகுத்து இலவசமாக வழங்கும் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பட்டது. சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கிய இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உழைத்தனர்.

இன்று மதுரை நகரம் பெயரளவில் மட்டுமன்றிப் பணியளவிலும் கணினித் துறையோடு இணைந்துள்ளது. எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்துள்ளது. மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் வாழும் இளைஞர் ஒருவர், சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயராமல், காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் மென்பொருள் பணி செய்ய இயலும். தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் இயங்கி வருவது, சிற்றூரிலிருந்தும் உலகச் சந்தைக்கான மென்பொருளை உருவாக்க முடியும் என்பதற்குச் சான்றாகும்.

மூன்று மொழிகள்

முன்முனைப் பணிக்கு அடிப்படையாக அமைபவை மூன்று கணினி மொழிகள். ஒரு பக்கத்தில் தலைப்பு எது, பத்தி எது, படம் எது, படிவம் எது எனக் குறித்துக் காட்டுவது எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி. இதனை உருவாக்கியவரும் டிம் பெர்னர்ஸ்-லீயே ஆவார். அப்பகுதிகளின் நிறம், அளவு, இடைவெளி, அமைவிடம் ஆகியவற்றை வரையறுப்பது சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் மொழி. நார்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த இதன் முதல் பதிப்பு 1996இல் வெளிவந்தது. பொத்தானை அழுத்தினால் என்ன நிகழவேண்டும் என்பது போன்ற இயக்கங்களைத் தருவது ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் 1995இல் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் உருவாக்கினார்.

இவற்றுள் புதியவரைப் பெரிதும் குழப்புவது சி.எஸ்.எஸ். மொழியின் பெட்டி முறை. மதுரை நகரின் அமைப்பை அறிந்தோர்க்கு இது கடினமன்று. நடுவே மீனாட்சியம்மன் கோயில், மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதனைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி, அதனையும் சூழ்ந்து மாசி வீதி எனச் சதுரத்திற்குள் சதுரமாக நகரம் விரிகிறது. வலைப்பக்கமும் இவ்வாறே பெட்டிக்குள் பெட்டியாக அமைகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவே உள்ளடக்கமும், அதனைச் சுற்றி உள்வெளியும், அதனைச் சுற்றி எல்லைக்கோடும், அதற்கும் அப்பால் புறவெளியும் உண்டு.

ஒரு பெட்டியின் அகலம் 340 படப்புள்ளிகள் என எழுதிவிட்டு, இருபுறமும் 20 புள்ளி உள்வெளியும் 2 புள்ளி எல்லைக்கோடும் சேர்ப்பதாகக் கொள்வோம். தனியே வேறு ஏற்பாடு செய்யாதவரை, அப்பெட்டி திரையில் 340 புள்ளிகளை அடைப்பதில்லை. 340, 40, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 384 புள்ளிகளை அடைக்கிறது. 360 புள்ளி அகலமுள்ள திறன்பேசியில் அதன் வலப்பக்கம் வெளியே தள்ளப்படும். முன்னர்க் கண்ட உழவரின் பொத்தான் காணாமற்போவதற்கு இத்தகைய எளிய கூட்டல் கணக்கே காரணமாக இருத்தல் கூடும். எல்லைக்கோட்டையும் உள்வெளியையும் அகலத்திற்குள்ளேயே அடக்குமாறு உலாவிக்கு ஒரு வரியில் ஆணையிட்டால் இச்சிக்கல் தீரும்.

பிறர் எழுதிய நிரல்

கல்லூரியில் மாணவர் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி நிரல் எழுதுகிறார். பணியிடத்தில் நிலைமை வேறு. பலர் பல ஆண்டுகளாக எழுதிய நிரல்கள் அங்கே முன்பே இருக்கின்றன. எழுதியவர்களுள் சிலர் வேறு நிறுவனங்களுக்குச் சென்றிருப்பர். ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கண்டதும் புதியவர்க்கு, 'இவை அனைத்தையும் கற்றுத் தேர்ந்த பின்னரே நம்மால் வேலை செய்ய முடியும்' என்னும் மலைப்புத் தோன்றுகிறது. உண்மையில், நெடுநாள் பணியாற்றியவரும் அனைத்தையும் அறிந்திருப்பதில்லை. தேவைப்படும்போது தேடிக் கண்டறியும் வழியையே அவர் அறிந்திருக்கிறார்.

புதிதாக மதுரைக்கு வருபவர் எல்லாத் தெருக்களையும் மனப்பாடம் செய்வதில்லை. ஒரு கோபுரத்தை அடையாளமாகக் கொண்டு, நாள்தோறும் ஒரு வழியைப் பழகுகிறார். நிரலைப் படிப்பதற்கும் இம்முறை பொருந்தும். ஒரே ஒரு திரையைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள பொத்தானை அழுத்தும்போது எந்தக் கோப்பில் உள்ள எந்த வரி இயங்குகிறது, அது பின்முனையிடம் எதைக் கேட்கிறது, வந்த விடையை எங்கே காட்டுகிறது எனத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரவேண்டும். உலாவிகளுடன் வழங்கப்படும் ஆய்வுக் கருவி இதற்குத் துணைபுரியும்.

பழைய நிரலில் பொருளற்றதாகத் தோன்றும் வரிகளும் இருக்கும். அவற்றை உடனே நீக்கிவிடத் தோன்றுவது இயல்பு. மதுரைக்கு அருகில் வைகைக் கரையில் உள்ள கீழடியில் 2014-15ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடைபெற்று வருகிறது. அங்கே ஒரு மண்ணடுக்கைப் பதிவு செய்யாமல் அடுத்த அடுக்கைத் தோண்டுவதில்லை. கிடைத்த பானை ஓடு எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதும் சான்றே. நிரலுக்கும் அத்தகைய அடுக்குகள் உண்டு. ஒரு வரியை யார், எந்நாளில், எக்காரணத்தால் சேர்த்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். அதனைப் படித்த பின்னரே நீக்கலாமா எனத் தீர்மானிக்கவேண்டும். பயனற்றது போல் தோன்றும் ஒரு வரி, ஏதோ ஒரு பழைய திறன்பேசியில் எழுந்த சிக்கலைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

ஒரு சிறுபணியின் பயணம்

இத்தகைய பதிவேடுகளைப் பேணும் கருவிகளுள் பெரிதும் வழக்கில் உள்ளது கிட். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனைப் படைத்தார். புதியவர்க்கு முதலில் சிறு பணியே வழங்கப்படும். ஒரு பொத்தானின் பெயரை மாற்றுதல், ஓர் எச்சரிக்கைத் தொடரில் உள்ள பிழையைத் திருத்துதல் போன்றவை அவை. சிறு பணியாயினும் அது பெரும்பணி செல்லும் பாதையிலேயே செல்லும்.

முதலில், முதன்மை நிரலிலிருந்து தமக்கெனத் தனிக் கிளை ஒன்றைப் பிரித்துக்கொள்கிறார். அதில் திருத்தம் செய்து, தம் கணினியில் இயக்கிப் பார்க்கிறார். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை ஓரிரு வரிகளில் எழுதிப் பதிவு செய்கிறார். அதன்பின் குழுவில் உள்ள மற்றொருவர் அதனை மறுஆய்வு செய்கிறார். ஒப்புதல் கிடைத்த பிறகே அத்திருத்தம் முதன்மை நிரலோடு இணைகிறது. மீண்டும் சோதிக்கப்பட்டு, இறுதியில் மக்களைச் சென்றடைகிறது.

மறுஆய்வில் வரும் குறிப்புகளே புதியவரைப் பெரிதும் வருத்துவன. பத்து வரிகள் எழுதியதற்குப் பன்னிரண்டு குறிப்புகள் வரக்கூடும். அவை எழுதியவரைப் பற்றியவை அல்ல. எழுதப்பட்ட நிரலைப் பற்றியவை. நாம் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவது எவ்வாறு நம்மை வளர்க்கிறதோ, அவ்வாறே இதுவும். ஒவ்வொரு குறிப்புக்கும் காரணம் கேட்டறிந்து ஏட்டில் எழுதிவைப்பவர்க்கு அதே குறிப்பு மறுமுறை வருவது அரிது.

வினவும் முறை

தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதல் தலைமுறையாக அலுவலகப் பணிக்குச் செல்லும் ஒருவர்க்கு வினா எழுப்புவதே பெருந்தடையாக அமையலாம். 'இதுகூடத் தெரியாதா என நினைப்பார்களோ' என்னும் தயக்கம் ஒருபுறம். ஆங்கிலத்தில் கேட்கவேண்டுமே என்னும் அச்சம் மறுபுறம். இதனால் அரைமணி நேரத்தில் தீரக்கூடிய சிக்கலோடு மூன்று நாள் போராடுவர். அவர் அமைதியாக இருப்பதால் எல்லாம் நன்றாக நடப்பதாகக் குழு கருதிக்கொள்ளும். உண்மையான இழப்பு அறியாமையால் விளைவதன்று; மறைத்தலால் விளைவது.

'பக்கம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் கேட்டால் யாராலும் விடை கூற இயலாது. நல்ல வினாவில் நான்கு கூறுகள் இருக்கும். செய்ய முயன்றது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன, இதுவரை முயன்று பார்த்தவை எவை என்பனவே அவை. 'பதிவுப் படிவத்தில் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சேமிக்கிறது. நீண்ட பெயரைத் தமிழில் எழுதினால் கடைசிப் பகுதி விடுபடுகிறது. இரண்டு உலாவிகளில் சோதித்தேன். இரண்டிலும் இவ்வாறே நிகழ்கிறது' என்று கேட்டால், விடையின் பாதி வினாவிலேயே அமைந்துவிடும். பலமுறை இவ்வாறு வினாவை எழுதி முடிப்பதற்குள் விடை தானே புலப்படுவதும் உண்டு.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, நிரலாக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அளவானவை. பிழைச்செய்தி தோன்றியதும் அஞ்சி மூடிவிடாமல், சொல் சொல்லாகப் படித்து, பொருளைத் தமிழில் எழுதிப் பழகினால், சில மாதங்களில் அச்சொற்கள் வசப்படும். தமிழில் தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்தவர்க்கு அத்தெளிவை வேறொரு மொழியில் எடுத்துரைப்பது பயிற்சியால் கைகூடுவதே.

புள்ளி தொலைந்த பெயர்

மேற்கூறிய வினாவில் உள்ள சிக்கலையே ஆராய்வோம். 'மீனாட்சிசுந்தரம்' என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம் என ஒன்பது எழுத்துகள் என நாம் விடையளிப்போம். கணினியோ பதினாறு எனக் கூறும். ஒருங்குறி முறையில் 'மீ' என்பது 'ம' என்னும் எழுத்தும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும், 'ம்' என்பது 'ம' என்னும் எழுத்தும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படுகின்றன.

மெய்யோடு அகர உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்பது நாம் கற்ற இலக்கணம். ஒருங்குறியிலோ அகரம் ஏறிய உயிர்மெய்யே அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் மெய் கிடைக்கிறது. படிவத்தை அமைத்தவர் பெயருக்குப் பதினைந்து இடங்கள் போதும் எனக் கருதி எல்லை வகுத்திருந்தால், பதினாறாவது குறியாகிய புள்ளி வெட்டப்படும். 'மீனாட்சிசுந்தரம்' என்பவர் 'மீனாட்சிசுந்தரம' என்றாகிவிடுவார். சான்றிதழில் உள்ள பெயரோடு அது பொருந்தாது. ஒரு புள்ளி தொலைந்ததால் ஒருவரின் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்.

தேடுதலிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மதுரை மாவட்டத்தில் உள்ள கொட்டாம்பட்டியின் முதலெழுத்தாகிய 'கொ', ஒருங்குறியில் இருவகையாக அமையலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்வது ஒரு வகை. ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே சேர்வது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவிற்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், 'அப்படி ஓர் ஊர் இல்லை' எனத் திரை கூறிவிடும்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிக்கும் ஒருவர்க்கு இச்சிக்கல்கள் கண்ணில் படுவதே இல்லை. தமிழில் எழுதிப் பார்க்கும் புதியவரே இவற்றை முதலில் கண்டறிகிறார். தமக்குக் குறையென அவர் நினைத்திருந்த தமிழ்வழிக் கல்வி, குழுவில் வேறு எவரிடமும் இல்லாத அறிவாக அங்கே மாறுகிறது.

தெரிந்து தெளிவோம்

* ஒருங்குறியின் அடிப்படைத் தமிழ்த் தொகுதிக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.
* தமிழ்99 விசைப்பலகை, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசால் ஏற்கப்பட்டது.
* ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது பதினெட்டாம் மெய். ஆகவே, பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது தமிழுக்குரிய வரிசை விதியைப் பின்பற்றுமாறு நிரலில் குறிப்பிடவேண்டும்.

எல்லார்க்குமான திரை

1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர் மக்களின் பார்வையிழப்பைத் தடுப்பதில் உலகிற்கே முன்மாதிரியாக விளங்குகிறது. கண்புரையால் பார்வை மங்கியவர்களும் முதியவர்களும் இன்று திறன்பேசியைப் பயன்படுத்துகின்றனர். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வைப்பது இளங்கண்களுக்கு அழகாகத் தோன்றலாம். அவர்களுக்கோ அது வெற்றுத் தாளாகும்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகள், இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்கவேண்டும் என வரையறுக்கின்றன. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல் வழியே பக்கங்களை அறிகின்றனர். படத்திற்கு விளக்கவுரை எழுதாவிட்டால் அவர்களுக்கு அப்படம் இல்லை. பொத்தானைப் பொத்தான் எனக் குறியிடாமல் வண்ணப் பெட்டியாக மட்டும் வரைந்தால் அவர்களால் அதனைக் கண்டறிய இயலாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இத்தகைய அணுகலை உரிமையாகவே வலியுறுத்துகிறது.

இவை பெரும்பாலும் சில வரிகளில் முடியும் வேலைகள். அவற்றை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்பவர் சிறந்த முன்முனை நிரலராக உயர்வார்.

காலூன்றும் காலம்

முதல் வாரத்தில் ஒருவர்க்குப் பெயர்களும் கருவிகளும் அறிமுகமாகின்றன. முதல் மாதத்தில் சிறு திருத்தங்கள் அவர் கைவழியே மக்களைச் சென்றடைகின்றன. சில மாதங்களில் ஒரு திரையை முழுமையாகப் பொறுப்பேற்கும் துணிவு பிறக்கிறது. இவ்வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. உடன் சேர்ந்தவர் விரைந்து முன்னேறுவதைக் கண்டு தளர்வதைக் காட்டிலும், சென்ற மாதம் தமக்குப் புரியாதிருந்த ஒன்று இம்மாதம் புரிகிறதா எனத் தம்மைத் தாமே ஒப்பிட்டுக்கொள்வதே நலம்.

நாள்தோறும் கற்றதை ஏட்டில் குறித்தல், தெரியாததைத் தெரியாது என வெளிப்படையாகக் கூறுதல், கேட்டுப் பெற்ற விடையை அடுத்து வருபவர்க்குப் பயன்படுமாறு எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் புதியவரைக் குழுவில் வேரூன்றச் செய்யும். ஒரு நாள் அவரிடமும் ஒருவர் தயங்கியபடியே வந்து வினவுவார். அவ்வினாவிற்குப் பொறுமையோடு அவர் விடையளிக்கும்போது, அப்பணியிடத்தில் அவர் காலூன்றிவிட்டார் எனக் கொள்ளலாம்.